புதன்கிழமைக் கோடி

மதுரை மத்திய சிறை
2.7.2025

யுவராணி,

உன் அண்ணன் சின்னக்கருப்பு எழுதுகிறேன். எட்டு மாதமாக உள்ளே கிடக்கிறேன். ஒரு தடவைகூட நீ மனுப் போட்டு என்னைப் பார்க்க வரவில்லை. வர மாட்டாய் என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். இங்கே எழுதுவதை எல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அதனால் வக்கீல் சொல்லச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். என் வாயில் வருவதை எழுதினால் இது வாசலைத் தாண்டாது.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி உன்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். நான் மாப்பிள்ளையை அடிக்கவே இல்லை என்று நீ பொய் சொல்ல வேண்டாம். அடித்தேன். பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வந்த முதல் வாரம், கோம்பை ஆட்கள் அத்தனை பேரும் கரையில் நிற்கும்போது, கால்வாய்த் தண்ணீரை இழுக்கும் என் மோட்டார் லைனை அறுக்கக் கரண்டுக் கம்பத்தில் ஏறினான். திருட்டு மோட்டார் என்று ஆபீசர் எழுதிக் கொடுத்தாராம். கொடுக்கட்டும். இந்த ஜில்லாவில் வேறு லைன்மேன் இல்லையா? தங்கச்சி புருஷன்தான் என் முகத்தில் கரியைப் பூச வேண்டுமா? "எறங்குடா மாப்ள, ஊரு சிரிக்குது" என்று நாலு தடவை சொன்னேன். "கோவிச்சுக்காதீக மச்சான், எழுதிக் குடுத்துட்டாக" என்று சிரித்துக்கொண்டே அறுத்தான். இறங்கி வந்தவனை மம்பட்டிக் காம்பால் அடித்தேன். ஒரே அடி.

அந்த அடியில் அவன் சாகவில்லை. செவ்வாய்க்கிழமை அடிபட்டவன் வியாழன் சாயங்காலம் வரை நெஞ்சு துடித்துக்கொண்டு, உடம்பு சூட்டோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். நீ காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். வெள்ளிக்கிழமை அவனை அறுத்து, ஈரல் ஒருவனுக்கு, கிட்னி இரண்டு பேருக்கு, கண் யாருக்கோ என்று பங்கு வைத்தார்கள். அப்புறம்தான் செத்தான். கொன்றது யார் என்று நீயே சொல்.

அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். கையெழுத்துப் போடும் முன்னால் அவன் கையைப் பிடித்திருந்தாயாம். அவன் விரல் மடங்கி உன் விரலைப் பிடித்ததாம். அதைக் கோர்ட்டில் சொல். டாக்டர்கள் அவசரப்படுத்தினார்கள், இங்கிலீஷில் இருந்ததைப் படிக்காமல் போட்டேன் என்று சொல். கொலை கேஸ் அடிதடி கேஸாகிவிடும் என்கிறார் வக்கீல். உனக்குப் போனது போனதுதான். நானாவது வெளியே வருவேன்.

இன்னொன்று. ஆகஸ்ட் பன்னிரண்டு தேனியில் ஏதோ கமிட்டி உட்காருகிறதாம். பென்ஷன், மாத்திரை மானியம், உடலுறுப்பு தானம் என்று என்னென்னவோ சட்டத்தைத் திருத்த ஜனங்களிடம் யோசனை கேட்கிறார்களாம். நீ பேசப் போகிறாயாம். மனமுவந்து கொடுத்தேன் என்று நீ மைக்கில் சொல்லி அது பேப்பரில் வந்துவிட்டால் கோர்ட்டில் மாற்றிப் பேச முடியாது. போகாதே.

சின்னக்கருப்பு


உத்தமபாளையம்
10.7.2025

அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை கூசுகிறது. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் எழுதிவிட்டேன்.

ஒரே அடி என்கிறாய். பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நின்று டாக்டர் கிறுக்கலைப் படிக்கிறவள் நான். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அடி. ஒன்று நெற்றியில். மற்ற இரண்டும் பின்மண்டையில், அதாவது அவர் குப்புற விழுந்த பிறகு. முதலில் என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். ஜன்னலை அப்படியே போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன். தலையை மடியில் தாங்கியபோது எலும்பு என் உள்ளங்கையில் அமுங்கியது. சின்னமனூர் தாண்டுவதற்குள் காது வழியாக வந்த ரத்தத்தில் என் முழங்கை வரை பிசுபிசுத்துவிட்டது. குப்புறக் கிடந்தவரை இரண்டு தடவை அடித்திருக்கிறாய். அந்தக் கையால்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

விரல் மடங்கியது உண்மை. நான் கத்திவிட்டேன். டாக்டரம்மா ஓடிவந்து, "அது முதுகுத்தண்டு தானா செய்றதும்மா, மூளை செய்யல" என்றார்கள். மெஷினை நிறுத்தி மூச்சு வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் வரவில்லை. எனக்குப் புத்திக்குப் புரிந்தது. ஆனாலும் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது திடீரென்று அந்த விரல் ஞாபகம் வந்து கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறேன். இதை அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னேன். நீ அதை எடுத்து உன் கேஸுக்குச் சேர்த்துக்கொண்டாய்.

கமிட்டிக்கு நான் போவது, அந்த விரல் மாதிரி ஒரு சந்தேகம் இன்னொருத்தியை அரிக்கக் கூடாது என்பதால்தான். தானத்தின் பெருமையைப் பாடப் போகவில்லை. கையெழுத்து வாங்குகிற அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். இரண்டு தடவை சோதிக்கும்போதும் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன், டாக்டர்களின் முதுகுதான் தெரிந்தது. அடிதடி கேஸ் உடம்பு என்று போலீஸ் சம்மதம் வருவதற்குள் விடிந்துவிட்டது, அதற்குள் இதயம் யாருக்கும் உதவாமல் போய்விட்டது. அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். அவர் 2003-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர், பழைய பென்ஷன் கிடையாது. ஓய்வு பெறும் முன்னாலேயே வேலையில் செத்த ஆளின் வீட்டுக்கு மாதாமாதம் பென்ஷன் வர வேண்டும் என்றும் கேட்பேன். எனக்குச் சம்பளம் இருக்கிறது. இல்லாதவள் என்ன செய்வாள்?

இந்த ஊர் ராஜா முகம்மது அண்ணனும் வருகிறார். பஸ் டிரைவராக இருந்தவர். கிட்னி மாற்றிய ஆள் என்று டிப்போவில் லைட் டியூட்டிகூடக் கொடுக்காமல் வயதுக்கு முன்னாலேயே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க வேளை தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு மாதாமாதம் மதுரைக்குப் போகிறார். அதைத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே மானியத்தில் வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம்.

கோர்ட்டில் நடந்ததைச் சொல்வேன். விரலையும் சொல்வேன், மூன்று அடியையும் சொல்வேன்.

யுவராணி


21.7.2025

ஏய் யுவராணி,

இது ஜெயில் சீல் இல்லாமல் வருகிறது. உன் மதினியோட தம்பி சீனிச்சாமி கையில் கொடுத்துவிட்டேன், அவன் உன் ஜன்னலில் போட்டுவிடுவான். அதனால் இப்போது என் வாயில் வருவதையே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இங்கன ஒரு கம்பம் ஊர்க்காரன் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டான். வரிசையில் தட்டோடு நிற்கும்போது, "தங்கச்சி தாலிய அறுத்தவன் வாராகப்பா, வழி விடுங்க" என்றான். தட்டைத் திருப்பி விளிம்பால் அவன் வாயில் குத்தினேன். முன்பல் இரண்டு போயிற்று. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து கை ஓயும் வரை குத்தினேன். பிறகு வார்டர்கள் என்னைப் போட்டு மிதித்தார்கள். ஒரு காது கேட்கவில்லை. ஐந்து நாள் தனி செல்லில் கிடந்தேன். இவ்வளவும் உன்னால்.

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி எழுத உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரிந்துவிட்டது. யாருடா அந்த ராஜா முகம்மது என்று விசாரித்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை உன் ஜன்னலுக்கு வருகிறானாம், அரை மணி நேரம் நின்று பேசுகிறானாம். வயிற்றுக்குள் வேறொருத்தன் கிட்னி ஓடுகிறதாம். இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. என் மாப்பிள்ளை கிட்னியை அவனுக்கு விற்றிருக்கிறாய். தானம், சட்டம், கமிட்டி எல்லாம் ஊர் கண்ணில் மண்ணைத் தூவ. கோர்ட்டில் இதையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ கமிட்டிக்குப் போக மாட்டாய். போகக் கால் இருந்தால்தானே போவாய். கையெழுத்துப் போட்ட கையும் எனக்குத் தெரியும், வலது கை. அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் உள்ளே இருக்கிறேன் என்று துள்ளாதே. என் ஆட்கள் வெளியேதான் இருக்கிறார்கள்.

சின்னக்கருப்பு


உத்தமபாளையம்
4.8.2025

சின்னக்கருப்புக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. வலது கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் உடைந்து மாவுக்கட்டில் இருக்கிறது. நீ சொன்ன கையைத்தான் உடைத்தான் சீனிச்சாமி, தப்புச் செய்யவில்லை.

போன திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். ராஜா முகம்மது அண்ணன் மதுரையில் மாத்திரை வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்கு வந்து, கமிட்டித் தாளில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தார். சீனிச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். "எவன் கிட்னிடா உள்ள வச்சிருக்க, எடுடா வெளிய" என்று சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்தார்கள். குப்புறத் தள்ளி இடுப்புக்கு மேலே, முதுகில், மாறி மாறி மிதித்தார்கள். விலா எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கு ஜன்னல் வரை கேட்டது. நான் ஓடி அவர் மேல் விழுந்தேன். சீனிச்சாமி என் கையைப் பிடித்துப் படிக்கல்லில் வைத்து மிதித்தான். "கையெழுத்தா போடுற, போடு ஆத்தா, இப்பப் போடு" என்றான். சீட்டு வாங்க வரிசையில் நின்ற நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிட்னி முதுகில் இருக்கிறது என்று நினைத்து முதுகில் மிதித்திருக்கிறார்கள். மாற்றி வைக்கிற கிட்னியை முன்பக்கம் அடிவயிற்றில் வைப்பார்கள். அது அவர்கள் மிதியில் சாகவில்லை. போகும்போது அந்த மாத்திரைப் பையை வாய்க்காலில் வீசிவிட்டுப் போனார்கள். அதுதான் கெடுத்தது. ஒடிந்த விலாவோடு, தேனி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவருக்கு அந்த மாத்திரையைத் தேடினேன். என் ஜன்னலில் கிடையாது. தேனியில் நாலு மெடிக்கல் ஷாப்பில் கேட்டோம், ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை. மதுரையில் இந்த மாதத்துக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள், மறுபடி எழுதி வாங்கி வந்து சேர நாலு நாள் ஆயிற்று. கமிட்டிக்கு நாங்கள் எழுதிய அதே வரி, என் கண் முன்னால் நடந்தது. இப்போது உடம்பு கிட்னியைத் தள்ளுகிறது. டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள்.

அது யார் கிட்னி என்று கேட்டாயே. அவருக்கு வைத்து மூன்று வருஷமாகிறது. உன் மாப்பிள்ளை அப்போது உன் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவர் மனைவி ரஹ்மத் அக்காவின் கிட்னி. அந்த அக்கா ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து, "குடுக்குறப்பகூட எனக்கு இம்புட்டு வலிக்கல ஆத்தா" என்றார். உன்னைக் கையில் கிடைத்தால் கொன்றிருப்பேன். இதைச் சிறையில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

என் கையைப் பார்க்க அம்மா கோம்பையிலிருந்து வந்தாள். மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்கிட்ட ஒன்னு மறச்சுட்டேன் ஆத்தா. அந்தக் கோடி நான் எடுத்ததில்ல. ஒங்கண்ணந்தான் குடுத்துவிட்டான்" என்றாள்.

காரியத்தன்று பிறந்த வீட்டுக் கோடி என்று அம்மா என் மேல் போட்டாளே ஒரு ஊதாச் சேலை. புருஷன் செத்தவளுக்கு அண்ணன்தம்பி கொண்டுவர வேண்டியதை, அண்ணனே கொன்றுவிட்டு ஓடிவிட்டதால் அம்மாவே கடையில் எடுத்தாள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். புதன்கிழமை மத்தியானம் சீனிச்சாமி கொண்டுவந்து கொடுத்தானாம். அம்மா பயந்துபோய் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாளாம். பையை எடுத்து வரச் சொன்னேன். உள்ளே பில் இருக்கிறது. கம்பம் ஊர் ஜவுளிக்கடை. 13.11.2024, காலை பத்து நாற்பத்திரண்டு.

நான் கையெழுத்துப் போட்டது வியாழன் சாயங்காலம். புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு நம் சனத்தில் எவனாவது கோடி எடுப்பானா? டாக்டர் முதல் சோதனை செய்யும் முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நீதான் கொன்றாய் என்று எனக்கு எழுதினாய். நானும் எட்டு மாதமாக அந்த விரலை நினைத்து நினைத்துப் பாதி நம்பியிருந்தேன்.

பில்லை அரசு வக்கீலிடம் கொடுக்கப் போகிறேன்.

யுவராணி


மதுரை மத்திய சிறை
9.8.2025

தங்கச்சி யுவராணிக்கு,

மிரட்டச் சொன்னேன், மிதிக்கச் சொல்லவில்லை. இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, நானும் அன்றைக்கு மிரட்டத்தான் மம்பட்டியைத் தூக்கினேன்.

மூன்று அடிதான். முதல் அடிக்கு விழுந்துவிட்டான். "வேணாம் மச்சான்" என்றான். கரையில் எவனோ சிரித்த மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டாவது அடியில் காம்பு என் கையில் வேறு மாதிரி அதிர்ந்தது. ஆடு வெட்டுகிறவன் நான், எது எலும்பு, எது உள்ளே என்று எனக்குத் தெரியும். அப்போதே முடிந்துவிட்டது. மூன்றாவது அடி ஏன் அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் கேரளா பக்கம் தப்ப, குமுளி பஸ்ஸுக்காகக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எதிரே ஜவுளிக்கடை திறந்திருந்தது. கால் உள்ளே போய்விட்டது. உனக்கு ஊதா பிடிக்கும் என்று எடுத்தேன். கடைப்பிள்ளை "விசேசமாண்ணே" என்று கேட்டாள். ஆமா என்றேன். வேறு எவன் எடுத்து வந்தும் உன் மேல் கோடி விழக் கூடாது என்றுதான் அந்த நேரம் தோன்றியது. நான் ஓடிக்கொண்டிருந்தேன், போலீஸ் தேடிக்கொண்டிருந்தது, இதைத்தான் நினைத்தேன்.

வக்கீல் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீ மூன்று அடியைச் சொல். நான் கொன்றேன் என்று சொல். கோடியை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாதே. உனக்கு அண்ணனாக நான் செய்தது அது ஒன்றுதான். அதையும் பில்லோடு மேஜையில் வைத்துவிட்டால் எனக்கு எதுவும் மிச்சமில்லை. காலில் விழுகிறேன்.

அந்த டிரைவருக்குக் கிட்னி போய்விட்டால் என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல். நிஜமாகத்தான் எழுதுகிறேன். சிறை டாக்டரிடம் கேட்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்றார். கைதி கொடுக்கலாமா என்று உன் கமிட்டியில் கேள். சட்டத்தில் இடமில்லை என்றால் அதையும் திருத்தச் சொல்லி எழுதிக் கொடு. நீ எழுதினால் கேட்பார்கள்.

சின்னக்கருப்பு


உத்தமபாளையம்
29.8.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் கமிட்டிக்கு முதல் நாள் வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம், கை வலியைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

தேனியில் எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். மாவுக்கட்டோடு மேடையேறினேன். எழுதிப் போனதை வாசித்தேன். மாத்திரை வரிக்கு வந்தபோது அதற்கு மேல் வாசிக்காமல் தாளை நீட்டினேன். அந்த வரியை ரஹ்மத் அக்கா எழுந்து வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார். கமிட்டித் தலைவர் குறித்துக்கொண்டார். செய்வார்களா, தெரியாது. வெளியே உன் வீட்டுப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்று, புருஷனை விற்றவள் என்று கத்தினார்கள். ஒருவன் வீசிய கல் என் தோளில் பட்டது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டில் நான் சொன்னதை நீ கூண்டில் நின்று கேட்டாய். உன் வக்கீல், "விரல் மடங்கியதா, இல்லையா?" என்று கேட்டார். மடங்கியது என்றேன். "அப்படியானால் கையெழுத்துப் போட்டபோது அவர் உயிரோடு இருந்தார் என்று நீங்கள் நினைத்தீர்களா?" என்றார். நினைக்க ஆசைப்பட்டேன் என்றேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீலிடம் கொடுக்காத பில் என் பைக்குள் இருந்தது. நீ தலையைக் குனிந்து நின்றாய். எனக்கு மனசு இளகியது. அதையும் ஒளிக்கவில்லை.

அப்போதுதான் உன் வக்கீல் கேட்டார், "ஆகவே உங்கள் கணவரின் மரணத்துக்கு உங்கள் கையெழுத்தே காரணம், சரிதானே?" என்று. நீ தலையை நிமிர்த்தவில்லை. நான் கொன்றேன் என்று எனக்கு எழுதியவன், அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பில்லை எடுத்து நீட்டினேன். கோடி எப்போது வந்தது என்று நீதிபதி கேட்டார். புதன்கிழமை என்றேன். கோடி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை, அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

ராஜா முகம்மது அண்ணனுக்குக் கிட்னி நின்றுவிட்டது. இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உன் கிட்னியைத் தருவதாக நீ எழுதியதை நான் மறைக்கவில்லை, அவர்களிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரஹ்மத் அக்காதான், "சட்டத்துல என்ன போட்டிருக்காக ஆத்தா?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

உனக்கும் சொல்கிறேன். சொந்தமில்லாத ஒருவர் கிட்னி கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள வேறொரு கமிட்டி முன்னால் வந்து நிற்க வேண்டும். வாங்குகிறவர் மேல் உள்ள பாசத்தால்தான் கொடுக்கிறேன் என்று அவர்களுக்கு நிரூபிக்க வேண்டும். நான் இந்த வருஷம் சட்டத்தில் எத்தனையோ வரியைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வரியில் கை வைக்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

யுவராணி